கழுகுத் தொப்பி ரூபாய்

நம் வயதுக்காரர்களுக்கு ராஜா ரூபாய் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் அதன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போன, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் அது. கடையில் செல்லாது. ஆனால் வீட்டில் அதற்கு இருந்த மரியாதை செல்லுகிற காசுக்கு இருந்ததில்லை.

நான் எழுத வந்தது அந்த ரூபாயைப் பற்றி அல்ல. அதே எடையில், ஏறக்குறைய அதே அகலத்தில், வேறொரு ராஜாவின் தலையோடு இருந்த ஒன்பது ரூபாய்களைப் பற்றி. ஜெர்மனிக்காரர்கள் ஆப்பிரிக்காவில் புழங்குவதற்காக அடித்த வெள்ளிக் காசுகள். அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில், பதினோரு வயதில் நான் அவற்றைச் சேர்த்தேன். ஆடியில் ஆரம்பித்தேன். தை முடிவதற்குள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. காசு போனதை நான் எப்போதோ பொறுத்துக்கொண்டேன். அதோடு சேர்ந்து ஒரு மனிதரின் நல்ல பெயரும் போனது. அன்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அது போயிருக்காது.

எனக்குப் பேச வராது. இப்போதும் நாலு பேர் கூடிய இடத்தில் தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன். அந்த வயதில் இன்னும் மோசம். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். பெரியப்பச்சியின் பிள்ளைகள் என்னை ‘ஊமைக் கோட்டான்’ என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். ஆட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். இந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி அதுதான்.

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், அவர்கள் அண்ணனைப் பெரியப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சி மலேயாவில் இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்து, நாங்கள் பழகுவதற்குள் திரும்பிவிடுவார்கள். வீட்டில் எல்லாம் பெரியப்பச்சி வைத்ததுதான் சட்டம். முறுக்கி மேலே தூக்கிவிட்ட மீசை அவர்களுக்கு. எங்கள் வழக்கில் மூத்த சகோதரியையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் இதில் வேறொருவர் என்னை ஆச்சி என்று கூப்பிடப் போகிறார், குழப்பம் வேண்டாம் என்று அவளை அக்காள் என்றே எழுதுகிறேன்.

அந்த வேறொருவர் பழைய சாமான் கடை பாய். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு சந்தில் அவர் கடை. உள்ளே நுழைந்தால் துருவும் பழைய தேக்கும் கயிற்றுப்பாயும் கலந்த ஒரு வாசனை. ஓடாத சுவர்க் கடிகாரங்கள், ரசம் போன கண்ணாடிகள், எனாமல் கிண்ணங்கள், யாரோ வீட்டுக் கதவின் பித்தளைக் குமிழ்கள். அந்த வருஷங்களில் பெரிய வீடுகளிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போக ஆரம்பித்திருந்தன. கண்டனூரிலிருந்தும் கொத்தமங்கலத்திலிருந்தும் மாட்டுவண்டியில் சாக்குப் போட்டு மூடி வரும். மூடி வருவதுதான் முக்கியம். யார் வீட்டிலிருந்து எது வந்தது என்று பாய் வாய் திறந்ததே இல்லை.

எங்கள் வீட்டிலிருந்தும் போனது. ஆடி மாதத்தில் ஒரு நாள் பெரியப்பச்சி துண்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சிறுபிள்ளையோடு போனால் சும்மா போவது போல் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். துண்டுக்குள் இருந்தது ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும் மூடி போன ஒரு பன்னீர்ச் செம்பும். பாய் சின்னத் தராசை எடுத்தார். ஒரு ரூபாய் எடை என்றால் ஒரு தோலா, அதனால் வெள்ளி நிறுக்க ரூபாய்களையே எடைக்கல்லாக வைப்பது வழக்கம். அவர் தட்டில் வைத்த ரூபாயைப் பார்த்துப் பெரியப்பச்சி, இது என்ன காசு, ராஜா ரூபாயை வைத்து நிறும் என்றார்கள்.

“எல்லாம் ஒரே எடைதான் செட்டியாரே,” என்றார் பாய். “அங்குட்டு ஆப்பிரிக்காவுல நம்ம ரூபாயும் இதுவும் ஒண்ணாப் புழங்குனதுதான். நீங்களே பாத்துக்கங்க.”

ஒரு தட்டில் அந்த ரூபாய், மறு தட்டில் நம் ராஜா ரூபாய். முள் நடுவில் நின்றது. பெரியப்பச்சி குனிந்து பார்த்தார்கள். சரி, நிறும் என்றார்கள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

நான் அந்தக் காசை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றிருக்க வேண்டும். பாய் அதை எடுத்து என் கையில் வைத்து, “பாருங்க ஆச்சி,” என்றார். செட்டிநாட்டில் பச்சைப் பிள்ளையாக இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெண்ணை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் கூப்பிட்டதில் கேலி துளியும் இல்லை. ஒரு பெரிய மனுஷியிடம் ஒரு பொருளைக் காட்டுவது போல் காட்டினார்.

ஒரு பக்கம் இரும்புத் தொப்பி போட்ட ராஜா. தொப்பியின் உச்சியில் சிறகை விரித்த கழுகு. மறு பக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பனைமரம், அதன் முன்னால் ஒரு சிங்கம். எங்கள் கண்மாய்க் கரையில் நிற்கிற மாதிரி மரம். அதனடியில் ஆடு நிற்கும், நாய் நிற்கும், சிங்கம் நின்று நான் பார்த்ததில்லை. பள்ளங்களில் கறுப்புப் படிந்து, மேடுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. கீழே ஆண்டு போட்டிருந்தது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கடை முன்னால் நிற்பேன். உள்ளே போக மாட்டேன். ஒரு வாரம் கழித்துப் பாய் தானாகவே ஒரு சுருக்குப்பையை எடுத்துப் பலகையில் கொட்டினார். முப்பதுக்குக் குறையாமல் இருக்கும். எல்லாம் கழுகுத் தொப்பி. அவருடைய பாட்டனார் ஆப்பிரிக்காப் பக்கம் சான்சிபார் போகிற பாய்மரக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவராம். கூலியில் ஒரு பங்கு இந்த ரூபாயாக வந்ததாம். திரும்பி வந்து மாற்றலாம் என்று வைத்திருந்தார், அதற்குள் முதல் உலகச் சண்டை வந்து ஜெர்மனிக்காரர்கள் தோற்று, மாற்ற ஆளில்லாமல் போய்விட்டது. அப்படியே பேரன் கைக்கு வந்தது. பாய் அதை விற்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. இரண்டொன்றை மட்டும் எடைக்கல்லாக வைத்திருந்தார்.

காசுகளைப் புரட்டப் புரட்ட, ஒவ்வொன்றிலும் ஆண்டு வேறாக இருப்பதைக் கண்டேன். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. எனக்கு அவை வரிசையாக வேண்டும் என்று தோன்றியது. ஒரே மாதிரி இருந்தும் ஒன்று மற்றொன்றாக இல்லாத பொருளை அதுவரை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள், நான் பிறந்தபோது வந்த ரூபாய்களைப் போட்டு வைத்திருந்த என் எனாமல் டப்பாவிலிருந்து ஒரு ராஜா ரூபாயை எடுத்துப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டு போனேன். பலகையில் வைத்து, அவருடைய காசு ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். பாய் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேணாம் ஆச்சி. இது எங்கயும் செல்லாது. வீட்டுல வைவாக.”

நான் காசை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன்.

“ஆத்தாகிட்டச் சொல்லிட்டீகளா?”

தலையை ஆட்டினேன்.

அவர் என் காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தராசை எடுத்து இரண்டையும் நிறுத்தார். முள் நடுவில் நின்றதை நான் பார்த்தேனா என்று பார்த்துக்கொண்டார். “எடைக்கு எடை. வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணும்னாலும் கொண்டாங்க, ஒங்க ரூபாயே ஒங்களுக்கு வரும்,” என்றார். என் ராஜா ரூபாயைக் கல்லாவில் போடாமல் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்தார். எதற்கு அப்படி வைக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்படியே பத்து நாளுக்கொன்று, இரண்டு வாரத்துக்கொன்று. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டுவேன்.

ஒரு நாள் நான் காசின் அழுக்கைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். புளி, சாம்பல் என்று எதுவும் போட்டுத் துலக்கக் கூடாது, கறுப்பு இருந்தால்தான் எழுத்து தெரியும் என்றார். அதற்குப் பதில் வேறொன்று சொல்லிக்கொடுத்தார். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் அப்படியே படம் விழும். தச்சுவேலைக்கு வைத்திருந்த தட்டைப் பென்சில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். வாங்குகிற ஒவ்வொரு காசையும் அவர் பலகையில் வைத்தே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேய்ப்பேன். கழுகு முதலில் வரும், பிறகு மீசை, கடைசியாகக் கழுத்து. பாய் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பார். கழுகு வரும்போது ஒரு தரம், “எந்திரிச்சிருச்சு,” என்றார்.

மீசையைப் பற்றி அவர் சொன்னது ஒன்று இருக்கிறது. அந்த ராஜாவுக்கும் மீசை மேல் நோக்கி முறுக்கியிருக்கும். “இந்த ராசாவுக்கும் ஒங்க பெரியப்பச்சிக்கும் மீசை முறுக்கி விடுறது ஒரே ஆளு போல இருக்கு ஆச்சி,” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. எதையும் யாரிடமும் சொல்லாத நான் அதை மட்டும் அக்காளின் காதில் சொன்னேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு கூத்து நடந்தது. சமூகப்பாட டீச்சர் ஜெர்மனியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார்கள். என் பெட்டியில் ஒரு காசு இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அதைப் பிடுங்கி டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். இது ஜெர்மன் ரூபாயாம் டீச்சர் என்றாள். டீச்சர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெர்மனியில் மார்க், ரூபாய் நம் நாட்டுக்காசு, யாராவது பொம்மைக்காசு கொடுத்தால் நம்பிவிடுவதா என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். காசின் மேலேயே ஆங்கில எழுத்தில் ரூபாய் என்று போட்டிருக்கிறது, டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் போதும். நான் எழுந்து நின்று அதைச் சொல்வதற்கான வார்த்தைகளை எல்லாம் தயார் செய்தேன். மணி அடித்துவிட்டது.

மார்கழிக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன. தொண்ணூறிலிருந்து தொண்ணூற்று நான்கு வரை வரிசையாக இருந்தது. பிறகு ஒரே தாவாகத் தொண்ணூற்றேழு, அங்கிருந்து தொள்ளாயிரம் வரை. ஐந்தும் ஆறும் இல்லை. பாயின் சுருக்குப்பையை மூன்று முறை கொட்டித் தேடினேன். ஆண்டு தேய்ந்து போனவற்றைத் தாளில் தேய்த்துப் பார்த்தேன். இல்லை. அதற்காக எனக்கு வந்த கோபம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சாப்பிடும்போதுகூட ஐந்து ஆறு, ஐந்து ஆறு என்று ஓடும். பாயும் எனக்காகத் தேட ஆரம்பித்தார். தேவகோட்டைக்குப் போனபோது விசாரித்தேன், தொண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கலாம், எழுதிக் கேட்டிருக்கிறேன் என்பார். பதினோரு வயதுப் பிள்ளைக்காகக் கடிதம் எழுதினார் அந்த மனிதர்.

தையில் அக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். வளவில், நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வெள்ளிச் சாமான்களை இறக்கிப் பரப்பினார்கள். எங்கும் புளி வாசனை. சீரில் வைக்க ஒரு பெரிய தாம்பாளம் குறைந்தது. இருக்கிற பழைய வெள்ளியைப் போட்டுச் செய்துவிடலாம் என்று ஆசாரியை வீட்டுக்கே வரச் சொன்னார்கள். உடைந்த கிண்ணம், ஒற்றைக் கொலுசு எல்லாம் போட்டும் எடை போதவில்லை. பிள்ளைகளின் டப்பாக்களில் இருக்கிற ராஜா ரூபாய்களைக் கொண்டுவாருங்கள், பின்னால் ஈடு செய்துகொள்ளலாம் என்றார்கள் பெரியப்பச்சி. ஆத்தாவே போய் என் டப்பாவை எடுத்து வந்து ஆசாரி முன்னால் கவிழ்த்தார்கள்.

ஆறு ராஜா ரூபாய். ஒன்பது கழுகு.

ஆத்தா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஏதடி இது, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று கேள்விகள் வந்தன. இம்முறை எதற்குத் தலையாட்டுவது என்று தெரியவில்லை. ஆசாரி மட்டும் நிதானமாக ஒன்றை உரசிப் பார்த்துவிட்டு, வெள்ளி நல்ல வெள்ளிதான், எடையும் சுத்தமாக இருக்கிறது, உருக்குவதற்கு எந்த ராஜாவாக இருந்தால் என்ன என்றார். அதோடு முடிந்திருக்கலாம். பெரியப்பச்சிகூட யோசித்தார்கள்.

அப்போதுதான் அக்காள் சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. கல்யாணப் பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருகிற நாட்கள். “ஓ, இதுதானா அந்த ராசா! பழைய சாமான் கடை பாய் சொன்னாகளாம், இவருக்கும் பெரியப்பச்சிக்கும் மீசை முறுக்குறது ஒரே ஆளாம்,” என்றாள்.

வளவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆசாரியும் காசைப் பார்த்தார், பெரியப்பச்சியைப் பார்த்தார், குனிந்துகொண்டார்.

பெரியப்பச்சி சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்பது காசையும் அள்ளித் துண்டில் போட்டார்கள். என் கையைப் பிடித்தார்கள்.

சாயங்கால நேரம். கடைவீதியில் நல்ல கூட்டம். சந்துமுனையிலேயே பெரியப்பச்சியின் குரல் உயர்ந்துவிட்டது, அதனால் நாங்கள் கடையை அடைவதற்குள் பத்திருபது பேர் பின்னால் வந்துவிட்டார்கள். பாய் ஒரு கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, வாங்க செட்டியாரே என்றார்.

பெரியப்பச்சி காசுகளைப் பலகையில் கொட்டினார்கள்.

“பச்சப்பிள்ளைகிட்ட ராஜா ரூபாயை வாங்கிக்கிட்டுச் செல்லாக்காசைக் குடுத்து அனுப்பியிருக்கீரே, இதுதான் ஒம்ம யாவாரமா?”

பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. “வீட்டுல சொல்லிட்டாகன்னுதான் நான்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க ஆச்சி. நானாக் குடுத்தேனா?”

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: நான்தான் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார். நான் பாயைப் பார்க்கவில்லை. பலகையில் இருந்த தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டுகள் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

“அதுகிட்ட என்ன கேக்குறீரு? அது வாயில்லாப் பிள்ளை. அதைத் தெரிஞ்சுதானே பண்ணியிருக்கீரு,” என்றார்கள் பெரியப்பச்சி.

கூட்டத்தில் யாரோ, பாய் இப்படிப்பட்ட ஆளா என்றார். இன்னொருவர், நம் வீட்டுச் சாமானை எல்லாம் எப்படி நிறுத்தாரோ என்றார். அந்தச் சொல்தான் அந்தக் கடையைச் சாய்த்த சொல்.

பாய் துடைத்துக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய் அந்தத் துணி முடிச்சை எடுத்து வந்தார். என் ஒன்பது ராஜா ரூபாயும் கொடுத்தபடியே அதற்குள் இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. முடிச்சை அப்படியே நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. தராசை எடுத்து ஒரு தட்டில் ராஜா ரூபாயும் மறு தட்டில் கழுகு ரூபாயுமாக, ஒன்பது முறை நிறுத்துக் காட்டினார். ஒன்பது முறையும் முள் நடுவில் நின்றது. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியப்பச்சி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதத்தில் இதே தராசின் மேல் குனிந்து பார்த்துச் சரி என்ற மனிதர்.

இப்போது எனக்குப் பெரியப்பச்சியின் வயதாகிறது. அவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று யோசிக்கிறேன். மீசைக் கேலி ஒரு சாக்குத்தான் என்று படுகிறது. எங்கள் வீட்டிலிருந்து துண்டில் சுற்றி என்னென்ன போனது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பாய். அவர் எங்கேயும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். அன்று பெரியப்பச்சி அப்படிக் கத்தியபோதுகூட, உங்கள் வீட்டுப் பன்னீர்ச் செம்பு உள்ளேதான் இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. பேசத் தெரிந்தவர் பேசாமல் இருந்ததற்கும் நான் பேசாமல் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அது என்னை இன்னும் தூங்கவிடுவதில்லை.

செல்லாக்காசு என்று சொன்னதும் வேடிக்கைதான். எங்கள் ராஜா ரூபாய் மட்டும் எந்தக் கடையில் செல்லுபடியானது? இரண்டும் செல்லாத காசு. ஒன்று நமக்குப் பழகிய முகம், அவ்வளவுதான்.

கழுகுகள் பாயிடமே போயின; மீண்டு வந்த ராஜா ரூபாய்களையும் போட்டுத் தாம்பாளம் மாசிக்குள் தயாராகிவிட்டது. சீர் பரப்பியபோது பார்த்தவர்கள் எல்லாம் எடையைக் கேட்டார்கள். வந்தவர்களில் சிலர் என் தலையைத் தடவி, இந்த வயதிலேயே தன் சீருக்கு வெள்ளி சேர்க்கிற பிள்ளை, அதைப் போய் ஏமாற்றப் பார்த்தானே என்று பரிதாபப்பட்டார்கள். சீருக்காகச் சேர்க்கவில்லை என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் வேறெதற்கு என்று கேட்பார்கள்.

நோட்டு மட்டும் என்னிடம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து ஒன்பது கழுகு, ஒன்பது பனைமரம். தொண்ணூற்று நான்குக்குப் பிறகு ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன், ஐந்துக்கும் ஆறுக்கும். முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் ஆத்தா எல்லாருடைய பழைய நோட்டுகளையும் கட்டிப் பலசரக்குக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். வந்து கேட்டிருந்தால் ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். கேட்கவில்லை.

பாய் கடையை அந்த வருஷமே எடுத்துவிட்டார். அவரை அனுப்பியது அந்த ஒரு சாயங்காலம்தானா, வேறு காரணமும் இருந்ததா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பள்ளத்தூரில் கல்யாணமானது. மூத்தவன் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் காரைக்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் என்னையே பார்த்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. சைக்கிள் பின்னால் ஒரு கூடை, அதில் பழைய பூட்டுகளும் கீல்களும்.

“ஆச்சி, நல்லா இருக்கீகளா?”

தலையை ஆட்டினேன்.

பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். மடியைத் தடவி ஒரு ரூபாய்த் தாளை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்து விரல்களை மூடினார். ராஜா ரூபாய் இல்லை, மன்னிச்சுக்கங்க என்று சிரித்தார். அந்த ஒன்பதும் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அடுத்த வாரமே பையோடு ஆசாரியிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாராம். எங்கள் தாம்பாளம் செய்த அதே ஆசாரி.

“கடையில இருந்தாத்தானே பேச்சு வரும்,” என்றார். “பாட்டனார் பொருள்னு ஒண்ணாவது வச்சிருக்கலாம். அப்ப ஆத்திரம், தோணல.”

அந்த வாக்கியம் எனக்குள் புரண்டது. ஏழெட்டு வருஷம் பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முகம் மலர்ந்து, முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்.

“ஆமா, அந்த நோட்டு இருக்கா ஆச்சி? பென்சில்ல தேச்சீகளே?”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்பச் சரி,” என்றார். “அதாவது இருக்கே.”

பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் அவரே எனக்கு வழி ஒதுக்கி ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்து நடந்தார். அதுதான் நான் அவரைப் பார்த்த கடைசித் தடவை. பிற்பாடு ஆள் அனுப்பி அவரைப் பற்றி விசாரித்தேன், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

சென்ற வருஷம் என் மகன் அவனுடைய போனில் அந்தக் காசின் படத்தைத் தேடிக் காட்டினான். அதே கழுகு, அதே பனை, அதே சிங்கம். எந்தெந்த ஆண்டில் அடித்தார்கள் என்று பட்டியலே இருந்தது. தொண்ணூற்று நான்கு வரை இருந்தது. பிறகு தொண்ணூற்றேழு. நடுவில் இரண்டு வருஷம் அந்த ரூபாயை அவர்கள் அடிக்கவே இல்லையாம். நான் சுருக்குப்பையை மூன்று முறை கொட்டித் தேடியதும், பாய் தொண்டிக்குக் கடிதம் எழுதியதும் இல்லாத காசுக்காக. என் வரிசையில் குறையே இருக்கவில்லை. இதைச் சொன்னால் ரசித்துச் சிரிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

அன்று அந்தக் கடை வாசலில் நின்றவர்களில் என் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒன்றிரண்டு பேராவது இதைப் படிக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது பிற்பாடு அந்தப் பாயைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசியிருந்தால், அதைக் கேட்டு நீங்களும் அப்படியே நினைத்திருந்தால், உங்களுக்காக எழுதுகிறேன். நான்தான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று ஒன்பது முறை கேட்டார். ஒன்பது முறையும் நான் பொய்யாகத் தலையாட்டினேன்.

பத்தாவது முறை பொய்யாக ஆட்டியது பஸ் நிறுத்தத்தில். நோட்டு இல்லை, பாய்.